பிப்ரவரிச் சேறு

வார்டோ,
22 ஜனவரி 2003

அன்புள்ள அண்ணா,

இங்கே நானும் எட்வார்டும் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம் என்று நேற்றுதான் டாக்டர் சொன்னார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காதைப் பற்றிக் கேட்கவில்லை. அது ஆலை உருளைச் சத்தத்தில் செத்துப் பல வருஷம் ஆகிறது. அதனால்தானே உலகமே போனில் பேசும்போது நாம் இருவரும் தபால்தலை நக்கிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணா, ஐந்து மாதம் தாண்டிவிட்டது. இதற்கு முன் மூன்று முறையும் நான்காவது மாதத்தைப் பார்த்ததில்லை. முப்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு வயிறு வந்து முன்னால் நிற்கும் என்று யார் நினைத்தார்கள்? கடையில் கம்பளி நூல் வாங்க வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு குட்டித் தொப்பி பின்னித் தருகிறார்கள். பதினோரு தொப்பி சேர்ந்துவிட்டது. தலை ஒன்றுதானே என்றால் யாரும் கேட்பதாக இல்லை.

உன் பெட்டி வந்து சேர்ந்தது. பன்னிரண்டு ஜாடியும் உடையாமல் வந்தன. காலையில் தட்டை ரொட்டியில் நம் ஏரி லாக்கே மீனின் ஈரலைத் தடவிச் சாப்பிட்டால்தான் எனக்கு விடிகிறது. எட்வார்டுக்கு மானம் போகிறதாம். "சுத்தி கடலு. வாசல்லயே காட் மீன் துள்ளுது. அதோட ஈரல ராஜா வீட்டுல தின்னுறான். இவளுக்கு மட்டும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஏரிச் சேத்துல ஊர்ற அந்த வழுக்கப் பயதான் வேணுமாம்!" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சொல்லட்டும். ஏரிக்கரையில் பிறந்தவளின் வயிறு அது. அம்மா நம்மைச் சுமந்தபோது எதைத் தின்றாளோ அதைத்தான் நானும் தின்பேன்.

இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு, இரண்டு நாள் முன்பு சூரியன் முழுசாகக் கண்ணில் பட்டது. கோட்டையில் பீரங்கி வெடித்தார்கள். நான் ஜன்னலில் நின்று வயிற்றை வெயிலில் காட்டினேன். மாமன் ஊரில் இதைவிட நல்ல வெயில் இருக்கிறது, வந்து பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு பெட்டி அனுப்பு.

உன் தங்கை
தோர்டிஸ்

---

லாங்வத்ன ஏரிக்கரை,
2 பிப்ரவரி 2003

அன்புத் தங்கை தோர்டிஸுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முழங்கால் வலி படிக்கும்போது தெரியவில்லை. ஆகவே அடிக்கடி எழுது.

இந்த வருஷம் பனிக்கட்டி அறுபது சென்டிமீட்டர். மேலே லாரியே ஓட்டலாம். லாக்கே முட்டை போடும் காலம் என்பதால் ஒவ்வொன்றும் கொழுத்துக் கிடக்கிறது. நேற்று தூண்டில் கயிற்றை இழுத்தபோது ஏழு. ஒன்றின் ஈரல் என் உள்ளங்கையை நிறைத்தது. உப்பும் மிளகும் போட்டு மெல்ல வேக வைத்து, அம்மா செய்தபடியே ஜாடியில் அடைத்திருக்கிறேன். நாளைத் தபாலில் எட்டு ஜாடி வரும். அம்மா உன்னைச் சுமந்த குளிர்காலம் முழுக்க இதைத்தான் தின்றாள். நாலரைக் கிலோவில் நீ வந்து விழுந்தாய். "இது புள்ளயா, கன்னுக்குட்டியா?" என்று மருத்துவச்சி கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளை சொல்வதைக் காதில் வாங்காதே. என் காதைக் கடன் வாங்கிக்கொள்.

அடுத்த வாரம் ஆஸ்லோவிலிருந்து ஒரு பெண் வருகிறாள். சில்யே என்று பெயர். ஏரி அடியில் இருக்கும் சேற்றை ஆராய்கிறவளாம். பனியில் துளை போடவும், ஆழமான இடத்தைக் காட்டவும் ஆள் வேண்டும் என்று நகராட்சியில் கேட்டிருக்கிறாள். எல்லாரும் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சேற்றைப் படிக்க ஐந்து வருஷம் கல்லூரிக்குப் போனாளாம். நான் ஐம்பது வருஷமாக இலவசமாக மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமாக எதையும் தூக்காதே. நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்
ஈவார்

---

லாங்வத்ன ஏரிக்கரை,
16 பிப்ரவரி 2003

(அனுப்பப்படாதது)

தோர்டிஸ்,

அந்த ஈரலைச் சாப்பிடாதே. ஜாடிகளைக் குப்பையில் போடு. காரணம் சொல்கிறேன், முழுக்கப் படி.

சில்யேவை நடு ஏரிக்குக் கூட்டிப் போனேன். நல்ல பெண், சோம்பல் இல்லாதவள். நீளமான குழாயைத் துளை வழியே இறக்கி, அடிச் சேற்றை உருக்குலையாமல் மேலே எடுத்தாள். என் சமையலறை மேசையில் வைத்துப் பழுப்புச் சீஸைச் சீவுவதுபோல ஒவ்வொரு சென்டிமீட்டராகச் சீவினாள். ஒவ்வொரு சீவலும் சில வருஷமாம். மேலே இருப்பது நேற்று, கீழே இருப்பது நம் தாத்தா காலம். ஏழாவது சீவலில் கத்தியை நிறுத்தி என் காதருகே வந்து கத்தினாள்.

"போன வருஷம் இந்த ஏரியிலயே ஒரு குழாய் எடுத்துப் பாத்தோம். சரியா இந்த எடத்துலருந்துதான் ஆரம்பிக்குது. தீத்தடுப்பு மருந்து. எண்பத்தொம்பது, தொண்ணூறு வாக்குல இருக்கும். எங்கருந்து வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல."

எனக்குத் தெரியும். எண்பத்தெட்டு மார்ச். அந்த மாதம்தான் ஆற்றங்கரை ஆலைக்குப் புது இயந்திரம் வந்தது. ரயில் இருக்கைத் துணி, ஆஸ்பத்திரித் திரை எல்லாவற்றையும் மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்போம். அப்புறம் நெருப்புக் குச்சி வைத்தாலும் பற்றாது. சந்தையில் ஊர்க்காரர்கள் முன்னால் நான்தான் குச்சி வைத்துக் காட்டினேன், உனக்கும் நினைவிருக்கும். எல்லாரும் கைதட்டினார்கள். மனுஷ உயிரைக் காக்கிற வேலை என்று எனக்கு அப்படி ஒரு கர்வம்.

தொட்டியில் மிஞ்சும் மருந்து சனி ஞாயிறில் காய்ந்தால் உருளையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும். "அடிக்குழாய தொறந்து வுடு ஈவார், ஆறு இருக்கு, ஏரி இருக்கு, எவ்ளோ வேணா குடிக்கும்" என்பார் மேஸ்திரி. பத்து வருஷம், ஒவ்வொரு வெள்ளியும், நான்தான் திறந்துவிட்டேன். அந்தத் திருகு என் கைக்குத்தான் பழக்கம். முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து தூண்டில் போடப் போவேன்.

சில்யே கேட்டாள், "லாக்கே ஈரல் தின்பீங்களா?"

"கெழவனுங்க தின்போம்."

"வுட்ருங்க. இலையுதிர்ல புடிச்ச மீனோட அளவு வந்துருச்சு. அந்த மருந்து கொழுப்புலதான் போய் உக்காருது, ஈரல்ல இருக்கறது மாதிரி வேற எங்கயும் இல்ல. வயித்துல புள்ள இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க கிட்டயே சேக்கக் கூடாது. அறிக்கை ஆகஸ்ட்ல வரும். ஆனா வீட்டாளுங்களுக்கு நீங்க இன்னைக்கே சொல்லிருங்க."

செவிடனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கேட்காத மாதிரி இருந்துவிடலாம். நான் அப்படித்தான் இருந்தேன். அவள் இன்னொரு முறை கத்தினாள்.

பிறகு நானே கேட்டேன், யாரோ ஊரார் கதைபோல. "அதத் தின்னா வயித்துல இருக்கறது தங்காமப் போகுமா?"

"தெரியல. போகும்னும் சொல்ல முடியாது, போகாதுன்னும் சொல்ல முடியாது."

தோர்டிஸ், போன மூன்று முறையும் உனக்கு நான்தான் பெட்டி அனுப்பினேன்.

ஈவார்

---

லாங்வத்ன ஏரிக்கரை,
19 பிப்ரவரி 2003

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள்.

இங்கே குளிர் குறைந்திருக்கிறது. பனிமேல் தண்ணீர் நிற்கிறது. ஆஸ்லோப் பெண் வந்து வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டாள். சேறு சேறாகத்தான் இருந்தது.

இந்த வருஷ லாக்கே சரியில்லை. தண்ணீர் வாடை அடிக்கிறது. இனி அனுப்ப முடியும் என்று தோன்றவில்லை. உன்னிடம் எத்தனை ஜாடி மீதி? காட் மீன் ஈரலும் நல்லதுதான். மாப்பிள்ளை சொல்வதையும் கொஞ்சம் கேட்கலாம்.

முழங்கால் பரவாயில்லை.

அண்ணன்
ஈவார்

---

வார்டோ,
6 மார்ச் 2003

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சுகம். நீதான் சுகமில்லை என்று தோன்றுகிறது. வழக்கமாக நாலு பக்கம் வாயடிப்பவன் அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை சொல்வதைக் கேட்கச் சொல்கிறாய்! எட்வார்ட் அந்த வரியைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன் என்கிறார்.

இரண்டாவது பெட்டி வந்தது. மொத்தம் பதினைந்து ஜாடி மீதி இருக்கிறது. வாடை எல்லாம் ஒன்றும் இல்லை. உன் மூக்கும் காது வழியில் போகிறது போல. இனி வராது என்றதால் அளவாக வைத்துக்கொண்டிருக்கிறேன். தினம் ஒரு ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு.

ராத்திரி பகல் இல்லாமல் உதைக்கிறான். பையன் என்றே எனக்குத் தோன்றுகிறது. நேற்று கடையில் கத்தையாக நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு உதை. கையிலிருந்த நூல்கண்டு உருண்டு கதவுவரை ஓடியது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். வந்தவளும் சேர்ந்து அழுதாள். அவளுக்கு எதற்கு அழுகை என்று கேட்கவில்லை.

அந்தச் சில்யே சேற்றில் என்ன கண்டுபிடித்தாள்? நீ ஒன்றுமே சொல்லவில்லையே. புதையல் ஏதும் அகப்பட்டுப் பங்கு தர மனமில்லாமல் மறைக்கிறாயா?

உடனே எழுது. உனக்கு உடம்பு சரியில்லை என்றால் அதையும் எழுது.

உன் தங்கை
தோர்டிஸ்

---

வார்டோ,
8 ஏப்ரல் 2003

அன்புள்ள அண்ணா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "நேத்துகூட வலை காயப் போட்டிட்டு இருந்தாரும்மா, கல்லு மாதிரி இருக்காரு" என்றார். கல் எழுதாது என்று விட்டுவிட்டேன். நீ சுகமாக இருந்தால் சரி.

எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. கால் வீக்கம் தவிர வேறு குறை இல்லை.

ஒரு விஷயம். இந்த வாரம் மருத்துவச்சி ஒரு தாள் கொடுத்தாள். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய பட்டியல். அதில் ஏரி மீன் ஈரலும் இருக்கிறது. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். முகத்தைச் சுளித்தாள்.

"அந்தப் பக்கத்து ஏரியில ஏதோ சோதன நடக்குதுன்னு கேள்விப்பட்டேன். எதுக்கும் நிறுத்திக்கோயேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கண்ணன் அந்த ஏரிக்கரையிலதான் இருக்காரு. சோதன பண்ண வந்தவளுக்குப் பனியில ஓட்ட போட்டுக் குடுத்ததே அவருதான். அதுல ஒரு குத்தம் இருந்தா மறுநாளே எனக்குக் கடுதாசி வந்திருக்கும்" என்றேன். அவள் தன் ஏட்டில் என் பெயருக்கு நேராக ஏதோ கிறுக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரு ரொட்டி கூடுதலாகத் தின்றேன், அவள்மேல் இருந்த கோபத்தில்.

நான் சொன்னது சரிதானே?

உன் தங்கை
தோர்டிஸ்

---

லாங்வத்ன ஏரிக்கரை,
2 மே 2003

அன்புத் தங்கைக்கு,

எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கையில் சுளுக்கு. இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்?

பனி உடைந்துவிட்டது. படகுக்குத் தார் பூசினேன். பிர்ச் மரங்கள் துளிர்க்கின்றன.

மருத்துவச்சி படித்தவள். அவள் சொல்வதைக் கேள். இன்னொன்று, நான் ஜாடி மூடி வாங்கிய கடையில் அந்த மூடிகள் சரியில்லை என்று திருப்பி வாங்குகிறார்கள். காற்றுப் புகுந்து உள்ளே இருப்பது கெட்டுப்போகுமாம். ஆகவே மீதி இருப்பதை எறிந்துவிடு. கட்டாயம் எறிந்துவிடு.

பிரசவத்துக்குப் பயப்படாதே. அம்மாவின் எலும்பு உனக்கு.

அண்ணன்
ஈவார்

---

வார்டோ,
15 ஜூன் 2003

மாமா ஈவாருக்கு,

இனி உன்னை இப்படித்தான் கூப்பிட வேண்டும்! நாலாம் தேதி காலை பத்தே காலுக்குப் பிறந்தான். மூன்று கிலோ எழுநூறு. கன்றுக்குட்டி இல்லை, நல்ல கொழுத்த ஆட்டுக்குட்டி. தாயும் பிள்ளையும் சுகம். தகப்பனைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. பத்து நாளாக யார் எதிர்ப்பட்டாலும் கட்டிப் பிடித்து அழுகிறார். தபால்காரர் வேறு தெரு வழியாகப் போகிறார்.

உன் கடிதம் வரும்போது ஜாடிகள் அநேகமாக முடிந்திருந்தன. மூடியை எல்லாம் தட்டிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. என் அண்ணன் அடைத்த ஜாடியில் காற்றாவது புகுவதாவது? கடைசி ஜாடியை வலி எடுக்கும் முந்தின நாள் விரலால் வழித்துத் தின்றேன். ஒரு ஏப்பம்கூட வரவில்லை. ஆகவே நீ கவலைப்படாதே.

பால் பொங்கி வருகிறது அண்ணா. இவனுக்குப் போக மிச்சத்தை ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறேன். "உங்க ஊர் ஈரலுக்கு இவ்ளோ சத்தா!" என்று நர்ஸ் கேட்டாள். பெருமையாக இருந்தது.

செப்டம்பர் இருபத்தெட்டு ஞாயிறு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நீதான். எட்வார்டுக்கு மூன்று தம்பிகள் இருந்தும் அவரே சொன்னார். பெயர் ஈவார். கப்பலுக்கு இப்போதே இடம் சொல்லிவை.

உன் தங்கை
தோர்டிஸ்

---

லாங்வத்ன ஏரிக்கரை,
9 ஜூலை 2003

அன்புத் தங்கைக்கு,

பிள்ளை பிறந்த செய்தி படித்துப் படகுத்துறையில் உட்கார்ந்து அழுதேன். மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண்குழந்தைக்கு இன்னும் பால் கொடுக்கிறாயா?

என் பெயர் வேண்டாமே. வேறு நல்ல பெயராகப் பாருங்கள்.

அண்ணன்
ஈவார்

---

வார்டோ,
21 ஆகஸ்ட் 2003

ஈவார்,

செய்தித்தாளில் உன் படம் வந்திருக்கிறது. பனிமேல் நிற்கிறாய். கையில் சேற்றுக் குழாய். பக்கத்தில் சில்யே. படத்தின் கீழே "பிப்ரவரியில் எடுத்தது" என்று போட்டிருக்கிறது. எட்வார்ட்தான் காட்டினார். "உங்கண்ணன் பேப்பர்ல வந்துட்டாருடி!" என்று சந்தோஷமாக ஓடி வந்தார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முழுக்கப் படித்தேன்.

ஏரிச் சேற்றில் தீத்தடுப்பு மருந்து. லாக்கே ஈரலில் மிக அதிகம். தாய்ப்பாலில் இறங்கும். எல்லாவற்றையும் படித்தேன். கடைசிப் பத்தியில் சில்யே சொல்லியிருக்கிறாள், உதவி செய்த உள்ளூர் மீனவர்களிடம் ஈரலைச் சாப்பிட வேண்டாம் என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டோம் என்று.

நான் அவளுக்குப் போன் செய்தேன். என் பெயரைச் சொல்லாமல் எத்தனை மீனவர்கள் என்று கேட்டேன். "ஒருத்தர்தான். ரெண்டு வாட்டி சொன்னேன். காது கேக்காதுன்னு கிட்டப் போய்க் கத்தினேன்" என்றாள்.

ஜாடி மூடி என்றாய்.

அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் நான் தின்றேன், ஈவார். மருத்துவச்சி சொல்லியும் தின்றேன். உன்னை நம்பித் தின்றேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. நம்புகிறோமா என்று யோசிக்கிற இடத்தில்தானே நம்பிக்கை என்ற பேச்சு வரும்? உன் விஷயத்தில் நான் யோசித்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். அந்தப் பெண்குழந்தையின் தாய் அங்கேதான் நின்றாள். "என் புள்ளைக்கும் குடுத்தியேக்கா" என்றாள். என் பாலைச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள்.

எண்பத்தெட்டில் ஆலையில் அந்தத் தொட்டியில் நீதான் வேலை செய்தாய். அதுவும் எனக்குத் தெரியும். சந்தையில் நான் கூட நின்று கைதட்டினேன். அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அன்று உனக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பிப்ரவரியில் ஏன் எழுதவில்லை?

தோர்டிஸ்

---

லாங்வத்ன ஏரிக்கரை,
29 ஆகஸ்ட் 2003

தோர்டிஸ்,

எழுதினேன். அனுப்பவில்லை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்தால் உனக்கு எல்லாம் தெரியும்.

உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, தபால் பெட்டிவரை போனேன். அங்கே நின்று யோசித்தேன். நீ படித்ததும் முதலில் என்ன கேட்பாய்? போன மூன்றும் எதனால் போயின என்றுதான் கேட்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி உன் மனதில் வராமல் இருக்க வேண்டும் என்று கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். நாளைக்கு என்றேன். அடுத்த வாரம் என்றேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எழுதினால் இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாயே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. உன்னைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நகராட்சிக்குப் போனேன். ஆலையை நடத்தினவர்கள், ஆற்றில் எதுவும் விட்டதில்லை, ஏட்டில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். குறிப்பு நான்தான் என்றேன். எந்தத் தொட்டி, எந்தத் திருகு, எத்தனை வாளி, எல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரியின் மகன் வெளியே காத்திருந்தான். "செத்துப்போன எங்கப்பன் பேர இழுத்தாச்சா? அவரு சொன்னாரு சரி, தொறந்தது யாரு கை?" என்று கேட்டான். என் கைதான் என்றேன்.

இதனால் உனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரியும். ஞானஸ்நானத்துக்கு நான் வரவில்லை. மாப்பிள்ளையின் தம்பிகளில் ஒருவரைக் கேளுங்கள்.

பிள்ளை எப்படி இருக்கிறான் என்று மட்டும் ஒரு வரி எழுத முடியுமா?

ஈவார்

---

வார்டோ,
10 செப்டம்பர் 2003

ஈவார்,

இரண்டு கடிதமும் வந்தன. எட்வார்டுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தாளு இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

சோதனை முடிவு வந்தது. இங்கே இருக்கும் மற்றத் தாய்மார்களைவிட என் பாலில் பல மடங்கு. டாக்டர் எண்ணைச் சொன்னார், நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. "பால நிறுத்தாதீங்க. இதுலயும் கெடுதலவிட நல்லதுதான் பெருசு" என்றார். உறுதியாகவா என்று கேட்டேன். இன்றைக்குத் தெரிந்தவரை என்றார். ஒவ்வொரு முறையும் கொடுக்கலாமா வேண்டாமா என்று நினைத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவன் குடித்துக்கொண்டே பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. ஐந்து கிலோ தொள்ளாயிரம். அந்தப் பெண்குழந்தையும் தேறி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் தாய் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறாள். இவன் ஒரு நாள் லேட்டாகப் பேசினால், ஒரு கணக்குத் தப்பாகப் போட்டால், ஒரு காய்ச்சல் வந்தால், நான் அந்த ஜாடிகளை நினைப்பேன். அதனால்தானா என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. சாகிறவரை எனக்குத் தெரியாது.

அந்த மூன்றைப் பற்றி நான் கேட்பேன் என்று பயந்தாயாம். பேப்பர் படித்த நிமிஷமே நினைத்தேன். நினைத்து, இரண்டு நாள் படுத்துக் கிடந்து, எழுந்துவிட்டேன். அதைத் தாங்க என்னால் முடிந்தது. உன்னால்தான் என்னைக் கேட்காமல் முடிவு செய்ய முடிந்தது.

நீ வராமல் இருக்க முடியாது. பாதிரியாரிடம் கொடுத்த பெயர் எதையும் நான் மாற்றவில்லை. எட்வார்டிடம் சொல்லிவிட்டேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மறுக்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி பதினோரு மணிக்குக் கோவிலுக்கு நேராக வா, வீட்டுக்கு வேண்டாம். இங்கே பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிவரை சுமந்து போவது ஞானத்தகப்பன்தான். அவனை நான் உன் கையில் தருவேன். யாரைக் கண்டாலும் சிரிக்கிற வயசு அவனுக்கு, உன்னைப் பார்த்தும் சிரிப்பான். நீ முகத்தைத் திருப்பக் கூடாது. பிள்ளையின் பெயர் என்ன என்று பாதிரியார் கேட்பார். உன் காதில் விழவில்லை என்றால் நான் தோளைத் தொடுகிறேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஈவார் என்று நீ சொல்ல வேண்டும்.

அது முடிந்ததும் அவனை என்னிடம் கொடுத்துவிட்டு மாலைக் கப்பலில் போய்விடு.

தோர்டிஸ்